விசுவாசத்திற்குச் சன்மானம்

விசுவாசம் என்பது நமது ஜனங்களிடையே மிக்க மரியாதைக்குரிய சொல். உண்ட வீட்டை மறவாதவனை விசுவாசமுள்ளவன் என்கிறோம். சிநேகிதனைக் கஷ்டகாலத்தில் கைவிடாதவனையும் அவ்வாறே சொல்லுகிறோம். தேசத்தினிடத்தும் தெய்வத்தினிடத்தும் மாறாத பற்றுடையவர்களைப் புகழ்வதற்கும் அச்சொல்லையே வழங்குகிறோம். இத்தகைய சொல்லை இக்காலத்தில் சூதாட்டக் கம்பெனிகளும் எடுத்தாளத் தொடங்கியிருக்கின்றன. இணையத்தின் வாயிலாகப் பணம் வைத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடுவோருக்கு, அவர்கள் எவ்வளவு அதிகமாகவும் எவ்வளவு வேகமாகவும் ஆடுகிறார்களோ அவ்வளவுக்கு விசுவாசப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. புள்ளிகள் சேரச் சேரப் பட்டங்கள் கிடைக்கின்றன. பட்டங்கள் உயர உயரச் சன்மானமும் உயர்கிறது. இந்தச் சன்மானம் யாருடைய பணம், அதற்கு விலையாக ஆடுவோன் கொடுப்பது யாது என்னும் இரண்டு கேள்விகளை இன்று நேயர்கள் முன்னிலையில் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஆட்டத்தின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். போக்கரில் பெரும்பாலோர் ஆடும் வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக மேசைமீது விரிக்கப்படும். கையிலுள்ள சீட்டையும் எதிரியின் மனத்தையும் ஊகித்துப் பந்தயம் வைப்பதும், சரிப்படாது என்று கண்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவதும் ஆட்டத்தின் முறை. இதில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகளேயன்றிக் கம்பெனி யாருக்கும் எதிரியன்று. ஒருவர் ஜயித்தாலும் தோற்றாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து என்றாற்போன்ற ஒரு விகிதத்தை, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு, அது தரகாக எடுத்துக்கொண்டுவிடும். ஆதலால் கம்பெனியின் வருமானம், யார் கெட்டிக்காரர் என்பதைப் பொறுத்ததன்று. எத்தனை ஆட்டங்கள் நடந்தன என்பதையே பொறுத்தது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

நேரில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால், மணிக்குச் சுமார் 25 முதல் 30 ஆட்டங்கள் நடைபெறும். சீட்டைக் கலைத்தல், பங்கிடுதல், யோசித்தல், பணத்தை எண்ணுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். இணையத்தில் யந்திரமே சீட்டைப் பங்கிடுவதால் அது இரட்டிப்புக்கு மேலாயிற்று. இதுவும் போதவில்லை போலும்! 2010-ஆம் வருஷத்தில் ஃபுல் டில்ட் போக்கர் என்னும் கம்பெனி ‘ரஷ் போக்கர்’ என்ற புது முறையைக் கொண்டு வந்தது. 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் கம்பெனி ‘ஜூம்’ என்னும் பெயரால் அதே முறையைத் தொடங்கிற்று. இம்முறையில் நிலையான மேசை என்பதே இல்லை. ஆடுவோர் அனைவரும் ஒரு பெருங்கூட்டமாகச் சேர்க்கப்படுகின்றனர். ஒருவன் சீட்டைக் கவிழ்த்த அதே கணத்தில், அந்த ஆட்டம் முடியும்வரை காத்திராமல், வேறு மனிதர்கள் உள்ள வேறொரு மேசைக்கு மாற்றப்பட்டுப் புதுச் சீட்டைப் பெறுகிறான். இவ்வாறாக ஒரே மணி நேரத்தில் ஒருவன் 200-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் கலந்துகொள்ளுகிறான். ஒரே சமயத்தில் இத்தகைய ஆட்டங்கள் பலவற்றைத் திரையில் திறந்து வைத்துக்கொள்வோரும் உண்டு.

போக்கர் திறமைக்குரிய ஆட்டம் என்று அதன் ஆதரவாளர்கள் வாதிக்கின்றனர். அதில் திறமைக்கு இடமுண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அத்திறமை எத்தகையது? எதிரே இருப்பவனைப் பொறுமையாகக் கவனித்து, அவன் இயல்பை அறிந்து, காத்திருந்து, தக்க தருணத்தில் துணிதல் அன்றோ? கணந்தோறும் எதிரிகள் மாறிக்கொண்டேயிருக்கும் மேசையில் யாரைக் கவனிப்பது? காத்திருப்பதற்கு நேரம் எங்கே? காத்திருத்தலே திறமைக்கு அடிப்படையாக இருக்க, காத்திருக்கும் அவசியத்தையே ஒழித்துவிட்டோம் என்று பெருமை கொள்ளுவது விந்தையாக இருக்கிறது. தேர்ந்தவர் சிலர் இவ்வேகத்திலும் கணக்குத் தவறாமல் ஆடக்கூடும். சாமானியனுக்கோ, தோற்ற பணத்தை எண்ணிப் பார்ப்பதற்கும் எழுந்து போவதற்கும் இடையிடையே கிடைத்து வந்த அவகாசம் பறிபோயிற்று என்பதே கண்ட பலன்.

இனிச் சன்மானத்தைப் பற்றிய கணக்கைப் பார்ப்போம். விளக்கத்தின்பொருட்டு ஓர் உதாரணத்தை நாமே கற்பித்துக்கொள்ளுவோம். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் சராசரியாக 100 ரூபாய் நடுவில் சேர்கிறது. கம்பெனி 5 ரூபாய் எடுத்துக்கொள்ளுகிறது என்று வைத்துக்கொள்க. ஒருவனுடைய பங்குக்கு ஆட்டம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் ஆகிறது. தினம் 3 மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஆடினால் 75 மணி நேரம். மணிக்கு 30 ஆட்டம் வீதம் மெதுவாக ஆடுவோன் மாதத்தில் கொடுக்கும் தரகு 2,250 ரூபாய். மணிக்கு 240 ஆட்டம் வீதம் வேகமாக ஆடுவோன் கொடுப்பது 18,000 ரூபாய். இவனுடைய விசுவாசத்தை மெச்சிக் கம்பெனி நூற்றுக்கு இருபது வீதம் சன்மானம் அளிக்கிறது என்றே கொள்ளுவோம். 3,600 ரூபாய் அவன் கைக்கு வருகிறது. அவன் மகிழ்ச்சியடைகிறான், நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளுகிறான். ஆயினும் கம்பெனியிடம் நின்றுபோனது 14,400 ரூபாய். ஒரு காசு சன்மானமும் பெறாமல் மெதுவாக ஆடியவன் இழந்ததோ 2,250 ரூபாயே! சன்மானம் பெற்றவன், பெறாதவனைப்போல் ஆறு மடங்குக்கு மேல் இழந்தான். சீட்டாட்டத்தில் தோற்றதும் வென்றதும் இக்கணக்கில் சேரவில்லை. இது மேசையில் உட்கார்ந்ததற்கு மட்டும் கொடுத்த கூலி.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர் சொல்லுவதுண்டு. இங்கே அதைவிடச் சாமர்த்தியமான காரியம் நடைபெறுகிறது. பிள்ளையாருடைய தேங்காயையே எடுத்து, அவருக்கே ஒரு மூடியை உடைத்து வைத்துவிட்டு, மற்ற மூடியோடு பூசாரி வீட்டுக்குப் போகிறார்.

வியாபாரிகள் வாடிக்கைக்காரர்களுக்குச் சலுகை தருவது புதிதா என்று சிலர் கேட்கலாம். புதிதன்று. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் விமானக் கம்பெனி, அடிக்கடி பிரயாணம் செய்வோருக்குத் தூரக் கணக்கில் சலுகை வழங்கத் தொடங்கியது. அதைப் பின்பற்றி உலகமெங்கும் இவ்வழக்கம் பரவிற்று. மளிகைக் கடையிலும் துணிக் கடையிலும் நாமே இதைக் காண்கிறோம். ஆனால் விமானத்தில் ஏறியவன் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்கிறான். மளிகை வாங்கியவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. தேவைக்கு மேல் ஒருவன் எவ்வளவு அரிசி வாங்கிவிடுவான்? வயிறு என்னும் எல்லை அவனுக்கு உண்டு. பணம் வைத்தாடும் சீட்டாட்டத்திற்கு அத்தகைய எல்லை யாதும் இல்லை. எல்லையற்ற ஆசையுள்ள இடத்தில், இன்னும் கொஞ்சம் ஆடினால் இன்னொரு பட்டம் என்று தூண்டுவதைச் சாதாரண வியாபார உபசாரம் என்று எப்படிச் சொல்லலாகும்?

அமெரிக்க மனோதத்துவ நிபுணரான கிளார்க் ஹல் என்பவர் 1932-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். நீண்ட பாதையில் ஓடும் எலி, கோடியில் உள்ள இரையை நெருங்க நெருங்க அதிக வேகமாக ஓடுகிறது என்பது அதன் சாரம். மனிதர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் வேறுபட்டவர்களல்லர். மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில், அடுத்த பட்டத்துக்கு இன்னும் சில நூறு புள்ளிகளே வேண்டும் என்று திரை காட்டும்போது, எழுந்து போக மனம் வருமா? எழுந்தால் இதுவரை சேர்த்தவை வீணாகிவிடுமே என்ற எண்ணம் அவனைப் பிடித்து உட்காரவைக்கிறது. ஆட்டத்தில் ஆசை தீர்ந்த பின்னும், பணத்தில் ஆசை தீர்ந்த பின்னும், புள்ளியில் ஆசை தீராமல் ஆடுகிறான். வேகமும் சன்மானமும் தனித்தனியே செய்யும் தீங்கைவிட, ஒன்றோடொன்று சேர்ந்து செய்யும் தீங்கு பன்மடங்கு பெரியது என்று நாம் கூறுவது இதனாலேதான்.

இந்த விசுவாசம் இரு தரப்புக்கும் பொதுவானதா என்பதையும் பார்க்க வேண்டும். போக்கர்ஸ்டார்ஸ் கம்பெனி பல வருஷ காலம் நடத்திவந்த திட்டத்தில், ‘சூப்பர்நோவா எலைட்’ என்பதே உச்சமான பட்டம். ஒரே வருஷத்தில் 10 லட்சம் புள்ளிகள் சேர்ப்போருக்கு அது கிடைக்கும். அதாவது வருஷத்தின் 365 நாட்களிலும் ஒரு நாள் தவறாமல் 2,700-க்கு மேற்பட்ட புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு டாலர் தரகுக்குச் சுமார் ஐந்தரைப் புள்ளி என்பது விகிதம். ஆகவே பட்டத்தை அடைவோன் ஒரு வருஷத்தில் செலுத்தும் தரகு ஏறக்குறைய 1,80,000 டாலர். இவ்வளவு பாடுபட்டு அடைந்தால், அவ்வருஷம் மட்டுமின்றி அடுத்த வருஷம் முழுவதும் அந்தஸ்துக்குரிய சலுகைகள் கிட்டும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கையில் 2015-ஆம் வருஷத்தின் இரவும் பகலும் ஆடியோர் இருந்தனர். வருஷம் முடிய இரண்டு மாதமே இருக்கையில், கம்பெனியின் அப்போதைய உரிமையாளரான அமாயா, அந்தப் பட்டத்தை எடுத்துவிடுவதாகவும், 2016-ஆம் வருஷத்துக்குரிய சலுகைகளைப் பெரிதும் குறைப்பதாகவும் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் பலர் மனம் கொதித்து, டிசம்பர் முதல் தேதியிலிருந்து மூன்று நாள் மேசையில் உட்கார்ந்தும் ஆடாமலிருந்து ஒரு வேலைநிறுத்தமே செய்தனர். சலுகைகள் மீளவில்லை. திட்டத்தை மாற்றும் உரிமை தனக்குண்டு என்று கம்பெனி தன் நிபந்தனைகளில் எழுதி வைத்திருந்தது. அதைச் சட்டப் பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தரப்பார் தம் வருஷம் முழுவதையும் ஈடு வைக்க, மறு தரப்பார் எக்கணமும் சொல்லை மாற்றிக்கொள்ளலாம் என்றிருப்பதற்கு விசுவாசம் என்று பெயரிடுவது தகுமா?

2017-இல் அக்கம்பெனி வேறொரு திட்டத்தைக் கொண்டு வந்தது. இத்தனை தரகுக்கு இவ்வளவு சன்மானம் என்ற நிச்சயமான கணக்குக்குப் பதிலாகப் ‘பேழைகள்’ தரப்பட்டன. பேழையைத் திறந்தால் உள்ளே சிறு தொகை இருக்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் பெருந்தொகையும் இருக்கலாம். சூதாடியதற்குக் கிடைத்த சன்மானமே மற்றொரு சூதாயிற்று!

இவ்வேக ஆட்டத்தை முதன்முதல் தொடங்கிய ஃபுல் டில்ட் கம்பெனியின் கதையோ இன்னும் பரிதாபமானது. 2011 ஏப்ரலில் அமெரிக்க சர்க்கார் அதன்மீது நடவடிக்கை எடுத்தபோது, ஆட்டக்காரர்கள் நம்பிக் கட்டி வைத்திருந்த பணம் பத்திரமாக இல்லை என்பது வெளியாயிற்று. ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர் இருக்க, பாங்குகளில் இருந்தது சுமார் 6 கோடி டாலரே என்று அரசாங்க வக்கீல்கள் குற்றஞ்சாட்டினர். 2012-இல் போட்டிக் கம்பெனியான போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க சர்க்காருடன் செய்துகொண்ட சமரசத்தின் வாயிலாகத்தான், அப்பணம் உரியவர்களுக்குத் திரும்ப வழி பிறந்தது. புள்ளிகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதில் காட்டிய சுறுசுறுப்பைப் பணத்தைக் காப்பதில் காட்டியிருக்கலாகாதா?

சன்மானத்தைக் கொண்டே வாழ்க்கை நடத்தியவர்கள் இருக்கவில்லையா என்று கேட்பார்கள். இருந்தார்கள். மேசையில் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்க, அல்லது சிறிது நஷ்டமே ஏற்பட, வருஷக் கடைசியில் வரும் சன்மானத்தால் அதை ஈடு செய்து பிழைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பையும் கணக்குத் திறனையும் நாம் இகழவில்லை. ஆயினும் அச்சன்மானம் கம்பெனியின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வந்ததன்று. ஆட்டக்காரர்கள் அனைவரிடமிருந்தும் வாங்கிய தரகிலிருந்து வந்தது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரவில் வீட்டார் உறங்கிய பின் கைப்பேசியில் ஆடித் தோற்ற எண்ணற்றவர்களுடைய பணமும் அதில் அடங்கும். ஒருவன் பட்டம் பெற்றுப் படத்தில் சிரிக்கிறான்; நூறு பேர் பெயரில்லாமல் மறைகிறார்கள். விளம்பரத்தில் முன்னவனைத்தான் காட்டுவார்கள்.

நமது நாட்டு நிலைமைக்கு வருவோம். தமிழ்நாட்டு சர்க்கார் 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடுத்தும் இணைய ஆட்டங்களை ஒழுங்குபடுத்தியும் ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தது. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றை அச்சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. பின்னர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்தாடலாகாது என்ற விதி ஏற்பட்டது. 2025 ஜூனில் ஹைகோர்ட்டு அதைச் செல்லுமென்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு மேலும் ஒரு படி சென்று, திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவது, விளம்பரம் செய்வது, அவற்றுக்குப் பணப் பட்டுவாடா செய்வது ஆகிய அனைத்தையும் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. ஆடுவோனைத் தண்டிக்காமல், ஆட்டுவிப்போனைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நல்லம்சம். அதை எதிர்த்துச் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் நியாயஸ்தலங்களை நாடின.

இத்தடையை நாம் வரவேற்கிறோம். ஆயினும் தடை ஒன்றினாலேயே காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. கடல் கடந்த நாடுகளிலிருந்து நடத்தப்படும் தளங்கள் நமது சட்டத்தின் கைக்கு எளிதில் எட்டுவனவல்ல. அன்றியும், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதத்திலேயே நமது கவனம் முழுவதும் செலவாகிறது என்பதையும் மிக்க பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். இரவில் ஐந்து மணி நேரம் கதவை அடைத்தால் போதும் என்பது, மணிக்கு 30 ஆட்டம் நடந்த காலத்துக்குப் பொருந்தலாம். 200 ஆட்டம் நடக்கும் காலத்தில், மாலை 7 மணிக்குத் தொடங்கியவன் 12 மணி அடிப்பதற்குள் நேர் மேசையில் ஒரு வாரம் ஆடும் ஆட்டத்தை ஆடி முடித்துவிடுவானே! ஆட்டம் எப்பெயருடையது என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக நடக்கிறது, ஆடுவோனை மேலும் ஆடும்படி எது தூண்டுகிறது என்பவையே முக்கியமான கேள்விகள்.

சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்திருக்கும் பிரிட்டனே இவ்விஷயத்தில் சில வரம்புகளை வகுத்திருக்கிறது. பெருந்தொகை வைத்தாடும் வாடிக்கைக்காரருக்கு விசேஷ அந்தஸ்து அளிக்கும் முன், அவருக்கு அவ்வளவு பணம் செலவிடும் சக்தி உண்டா என்று கம்பெனி விசாரித்தறிய வேண்டும் என 2020-இல் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. இணையச் சுழல் யந்திர ஆட்டத்தில் ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறையலாகாது என்று 2021-இல் விதிக்கப்பட்டது. வேகமே ஒரு தீங்கு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

நமது தடை நிலைத்து நிற்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஒருகால் நியாயஸ்தலத் தீர்ப்பினாலோ பிற்காலத்துச் சர்க்காரின் கொள்கை மாற்றத்தினாலோ அது தளர்ந்தால், அப்பொழுது குறைந்தபட்சமாக மூன்று காப்புகள் வேண்டும். ஆடிய அளவுக்கேற்பவோ இழந்த அளவுக்கேற்பவோ யாதொரு சன்மானமும் பட்டமும் வழங்கலாகாது. ஆடுவோன் அம்மாதம் கொடுத்த தரகு மொத்தம் எவ்வளவு என்பதை, புள்ளிகளாக அல்லாமல் ரூபாயாக, அவன் கண்ணெதிரே எப்பொழுதும் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஆட்டத்துக்கு மேல் கூடாதென்று வரம்பு கட்ட வேண்டும். இம்மூன்றையும் ஏற்றுக்கொள்ள ஒரு கம்பெனி தயங்குமானால், அதன் லாபம் ஆட்டக்காரனுடைய திறமையிலிருந்து வருகிறதா, அவனுடைய தடுமாற்றத்திலிருந்து வருகிறதா என்பது எவருக்கும் விளங்கிவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியோர் சொல்லி வைத்தனர். ஏற்கனவே இவ்வலையில் சிக்கியவர்கள், தாம் சேர்த்த புள்ளிகளை எண்ணுவதை ஒரு நாள் நிறுத்திவிட்டுத் தமது பாங்குக் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை கூட்டிப் பார்க்கட்டும். கணக்கைத் தனியே பார்க்க அஞ்சினால், தகப்பனாரிடமோ மனைவியிடமோ நண்பனிடமோ காட்டட்டும். வீட்டாரும் கணக்கைக் கண்டவுடன் வசை பாடாமல், எழுந்து வருவதற்குக் கை கொடுக்க வேண்டும். வெட்கமே பலரை மேசைக்குத் திரும்பத் துரத்துகிறது. திருவள்ளுவர் சூதைப் பற்றிய அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். கள்ளின் பக்கத்தில் வைத்ததன் கருத்தை நாம் நன்கு அறிவோம். மறு பக்கத்தில் மருந்தும் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

விசுவாசத்துக்கு உரியவர்கள் நம்மைச் சுற்றி அநேகர் இருக்கின்றனர். நாம் வீடு திரும்பும் வரை உண்ணாமல் காத்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் நமக்குப் புள்ளிகள் இடுவதில்லை, பட்டங்கள் தருவதில்லை. வருஷக் கடைசியில் நிபந்தனையை மாற்றுவதுமில்லை. நமது விசுவாசத்தை அவர்களுக்குச் செலுத்துவோமாக. ஆட்டுவிப்போருடைய சன்மானத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.